63 யூரோ ஆகிவிட்ட டாய்ச்லாண்ட் டிக்கெட்: இருவருக்கும் வேண்டுமா?

ஜெர்மனி முழுவதும் வட்டார ரயில், பஸ், டிராமில் ஏறிப் போக உதவும் மாதச் சந்தாதான் டாய்ச்லாண்ட் டிக்கெட். 2026 ஜனவரி முதல் அது 63 யூரோ. புது விலையில் வங்கியிலிருந்து பணம் போன அன்றே, சமீபத்தில் கணவரோடு டுசெல்டார்ஃப் வந்து சேர்ந்த ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, இதை ரெண்டு பேருக்கும் வாங்கணுமா, ஒருத்தருக்கு மட்டும் போதுமா?" எந்த ரயிலில் செல்லும், எதில் செல்லாது என்பதெல்லாம் அவள் ஏற்கெனவே படித்துவிட்டாள். அதனால் அந்தப் பட்டியலை விட்டுவிடுகிறேன். 2023 மே மாதம் இந்த டிக்கெட் வந்ததிலிருந்து நானும் என் கணவரும் விடாமல் வைத்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் விலையைப் பற்றிப் புலம்பிவிடுகிறேன். நாங்கள் ஜெர்மனி வந்தது 2022 கோடையில். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று அந்த மூன்று மாதமும் இதே மாதிரியான 9 யூரோ மாத டிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. வந்த புதிதிலேயே அதைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இந்த நாட்டில் ஊர் சுற்ற இவ்வளவுதான் ஆகும் என்று மனசு நம்பிவிட்டது. இன்றைய 63 அதன் சரியாக ஏழு மடங்கு. நடுவில் 49, அப்புறம் 2025 ஜனவரியில் 58. 2027 முதல் செலவுக் குறியீட்டை வைத்து விலையை முடிவு செய்வார்களாம். அது எந்தப் பக்கம் போகும் என்று பந்தயம் கட்ட ஆள் கிடைக்காது.

இதிலும் எங்கள் வீட்டில் இரண்டு விலை. இவருக்கு அலுவலகம் வழியாக வருகிறது. நிறுவனம் குறைந்தது 25 சதவீதம் போட்டால் மேலும் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு, ஆக இவருக்கு 44.10. நான் வேலை பார்க்கும் இடத்தில் அந்த வசதி கிடையாது. வாரத்தில் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை செய்யும் எனக்கு முழு 63. தினமும் ஆபீஸ் போகிறவருக்குக் குறைவு, வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு அதிகம்.

சரி, அப்படியும் ஏன் வைத்திருக்கிறேன்? ஞாயிற்றுக்கிழமைக்காக.

இங்கே ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. காய்கறி, துணி, ஒரு ஆணி, எதுவும் வாங்க முடியாது. வீட்டில் உட்கார்ந்து மாவாவது அரைக்கலாமென்றால் அன்று முழுவதும் சத்தம் போடக்கூடாத நாள். மிக்ஸியைப் போட்டால் கீழ்வீட்டு அம்மா திங்கட்கிழமை படிக்கட்டில் பார்க்கும் பார்வையைத் தாங்க முடியாது. பிள்ளை குட்டி இல்லாத இரண்டு பேர், நான்கு சுவர், வெளியே சாம்பல் நிற வானம். வந்த முதல் குளிர்காலத்தில் 9 யூரோ டிக்கெட்டும் போய்விட்டது, 49 இன்னும் வரவில்லை. எங்கே போகலாமென்று பேச ஆரம்பித்தாலே கணக்குதான் வரும். போக இவ்வளவு, வர இவ்வளவு, அதையும் இரண்டால் பெருக்கு. அவ்வளவு கொடுத்துப் போய் மழை பெய்தால்? பார்க்க ஒன்றுமில்லை என்றால்? இப்படிப் பேசிப் பேசியே மணி நான்காகி இருட்டத் தொடங்கிவிடும்.

இந்த டிக்கெட் வந்ததும் அந்தப் பேச்சு நின்றுபோனது. பணம் மிச்சமானதா என்று கேட்டால் சில மாதம் ஆகியிருக்கும், சில மாதம் நஷ்டம். நான் பெரிதாக நினைப்பது வேறு. இப்போது பாதி வழியில் இறங்கிவிட முடிகிறது. கொலோனுக்கென்று கிளம்பி, மனசு மாறினால் வழியிலேயே பென்ராத்தில் இறங்கி, அந்த இளஞ்சிவப்பு அரண்மனைத் தோட்டத்தில் வாத்துகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். போன காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வரவேண்டும் என்ற அவசரம் கிடையாது. எங்களுக்குள் ஊர் சுற்றலில் வந்த சண்டைகளில் முக்கால்வாசி "இவ்வளவு தூரம் வந்துட்டு" என்ற மூன்று சொல்லில் தொடங்கியவை. அந்தச் சொற்களை நாங்கள் இப்போது அதிகம் பயன்படுத்துவதில்லை.

இந்த டிக்கெட்டில் போகக்கூடிய இடங்களில் ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல முடியும் என்றால் வுப்பர்டாலின் தொங்கு ரயிலைச் சொல்வேன். 1901இல் ஓடத் தொடங்கியது, இன்றும் ஊர் மக்கள் வேலைக்குப் போவது அதில்தான். 13.3 கிலோமீட்டர், 20 நிலையம், தண்டவாளம் தலைக்கு மேலே, பெட்டி கீழே தொங்குகிறது. டுசெல்டார்ஃபிலிருந்து எஸ்8 புறநகர் ரயிலைப் பிடித்து ஃபோவிங்கெலில் இறங்கி, அங்கிருந்து தொங்கு ரயிலில் மறுகோடியான ஓபர்பார்மன் வரை போய், அதே எஸ்8இல் திரும்பிவிடலாம். ஃபோவிங்கெல் பக்கத்தில் தெருவுக்கு மேலே போகும், முதல் மாடிக்காரர்களின் ஜன்னலில் காய்கிற செடிகூடத் தெரியும். அப்புறம் வுப்பர் ஆற்றின் மேலே திரும்பி, கடைசிவரை ஆற்றோடேயே வளைந்து வளைந்து போகும். ஏறியதும் பின்கோடிக்குப் போய்விடுங்கள். அந்தப் பக்கம் ஓட்டுநர் அறை இல்லை, பெரிய கண்ணாடி மட்டும்தான். நிலையத்தில் நிற்கும்போது பெட்டி லேசாக ஆடும். இவர் முதல் தடவை கம்பியைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

1950இல் ஒரு சர்க்கஸ்காரர் விளம்பரத்துக்காகத் துஃபி என்ற குட்டி யானையை இதில் ஏற்றினார். அது மிரண்டு, பெட்டியின் பக்கத்தை உடைத்துக்கொண்டு ஆற்றில் குதித்துவிட்டது. சிறு காயத்தோடு பிழைத்தும் கொண்டது. யானையை ரயிலில் ஏற்றலாம் என்று யோசித்தவரைப் பற்றி நம் ஊர் பாகன் யாரிடமாவது கேட்டால் நல்ல பதில் கிடைக்கும். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது இந்தக் கதையைச் சொல்லித்தான் அழைத்துப் போனேன். இறங்கும்வரை கீழே ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வென்லோவும் எங்களுக்குப் பிடித்த போக்கிடம். எல்லைக்கு அந்தப் பக்கம், நெதர்லாந்து. ஆனாலும் ஆர்இ13 ரயிலில் வென்லோ நிலையம் வரை இந்த டிக்கெட் செல்லும். அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறந்திருக்கும், அதற்காகவே ஜெர்மானியர்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். திரும்பும்போது பாதிப் பேர் கையில் காபித் தூள் பொட்டலம் இருக்கும். வறுத்த காபிக்கு ஜெர்மனியில் கிலோவுக்கு 2.19 யூரோ தனி வரி உண்டு, அங்கே இல்லை. நாங்களும் வாங்கினோம். ஃபில்டரில் போட்டால் தண்ணீராக இறங்குகிறது, டிகாஷனுக்கு ஆகாது. கிபெலிங் என்ற பொரித்த மீன் துண்டுகளை மட்டும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அதற்கே போகலாம்.

அடுத்தது கோனிக்ஸ்விண்டர் ஊரில் இருக்கும் டிராகன் மலை. மேலே ஏறும் பற்சக்கர ரயில் 1883இலிருந்து ஓடுகிறது, அதற்கு மட்டும் இந்த டிக்கெட் செல்லாது. 321 மீட்டர்தான், நடந்தே ஏறலாம். இவர் ரயிலில் வருகிறேன் என்றார், வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதுவரை படித்தவர்கள் நான் ஐந்துக்கு ஐந்து போடப் போகிறேன் என்று நினைப்பீர்கள். இனிமேல்தான் என் எரிச்சல்.

ஹாம் நகரில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. ஈழத்தமிழர்கள் எழுப்பி 2002இல் குடமுழுக்கு செய்த கோயில். ஊருக்கு வெளியே, தொழிற்சாலைகளுக்கு நடுவில், ஒரு பக்கம் மின்நிலையம் தெரிய, ராஜகோபுரத்தோடு நிற்கும். தேர்த் திருவிழாவின்போது ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், தீர்த்தமாடுவது பக்கத்துக் கால்வாயில். நல்ல நாள் வந்தால் எங்களுக்குப் போகத் தோன்றுவது அங்கேதான். டுசெல்டார்ஃபிலிருந்து ஹாம் வரை நேரடி வட்டார ரயில் இருக்கிறது, அப்புறம் ஒரு பஸ், கொஞ்சம் நடை. தாளில் பார்த்தால் அழகான பயணம்.

ரயில் தாமதமாகும். அல்லது அந்த ரயிலே இல்லை என்று பலகையில் வெள்ளை எழுத்து ஓடும். அல்லது பாதி வழியில் இறக்கிவிட்டு மாற்றுப் பேருந்து வரும் என்பார்கள். பேருந்து எங்கே நிற்கும் என்பதை நாமே அம்புக்குறி தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஹாமில் போய் இறங்கினால், ஞாயிற்றுக்கிழமை அரிதாக வரும் அந்த பஸ் அப்போதுதான் கிளம்பிப் போயிருக்கும். உச்சிகால பூஜைக்கென்று கிளம்பி, திரைபோட்ட சன்னதியைக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

தாமதம்கூடப் பரவாயில்லை. நான் வளர்ந்த ஊரிலும் ரயில் ஒன்றும் சொன்ன நேரத்துக்கு வந்துவிடவில்லை. என்னைக் கொதிக்க வைப்பது நஷ்டஈடு. ரயில் 60 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமானால் இந்த டிக்கெட்காரர்களுக்கு ஒரு தடவைக்கு 1.50 யூரோ. அதையும் உடனே தரமாட்டார்கள். 4 யூரோவுக்குக் குறைந்த தொகையைக் கொடுப்பதில்லை என்பதால் குறைந்தது மூன்று தாமதம் சேர வேண்டும். மூன்று சேர்ந்தால் 4.50. பஸ் கண்டக்டர் டிக்கெட்டுக்குப் பின்னால் சில்லறைப் பாக்கியை எழுதித் தருவாரே, இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லி, அது மாதிரிதான். ஆனால் கண்டக்டரை முகம் பார்த்துக் கேட்கலாம், இங்கே படிவம் நிரப்ப வேண்டும்.

அதிலும் பாருங்கள், எங்கள் நார்த் ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தில் வட்டார ரயில்கள் அடுத்தடுத்து வரும். ஒன்று ரத்தானால் அரை மணியில் இன்னொன்று. எனவே தாமதம் எப்போதும் ஐம்பது நிமிடப் பக்கத்தில் வந்து நிற்கும், அறுபதைத் தொடாது. ஹாமில் பஸ்ஸுக்காக நின்ற நேரமும் இந்தக் கணக்கில் வராது. ரயில் எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்பது மட்டும்தான் பேச்சு. ஒருமுறை டோர்ட்மண்ட் தாண்டி நின்றுவிட்ட ரயிலில், இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் அறுபது ஆகிவிடும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். கோயிலுக்குப் போகிற வழியில் இதுவா வேண்டுதல் என்றார் இவர். அறுபது ஆவதற்குள் கிளம்பிவிட்டது.

இவர் இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. அந்த ஒன்றரை யூரோவுக்கு நீ செலவு செய்யும் நேரத்தில் இன்னொரு ஊர் பார்த்துவிடலாம் என்பார். நியாயம்தான். ஆனால் 49இலிருந்து 63 ஆக்கும்போது 14 யூரோ தயங்காமல் ஏறியது, இந்த 1.50 மட்டும் 1.50 ஆகவே உட்கார்ந்திருக்கிறது. அதைக் கேட்டால் மட்டும் அவரிடம் பதில் வராது.

இனி தம்பதிகள் கவனிக்க வேண்டியது. இது ஒரு பெயருக்கு ஒரு டிக்கெட். பழைய வட்டார மாதச் சீட்டு ஒன்றில், சாயங்காலமும் சனி ஞாயிறும் இன்னொருவரைக் கூட அழைத்துப் போகலாம். வீட்டுக்கு ஒன்று இருந்தால் போதும். இதில் அந்தப் பேச்சே இல்லை. பரிசோதகர் பெயர் பார்ப்பார், அடையாள அட்டையும் கேட்பார். என் பெயருக்குப் பின்னால் என் அப்பா, இவர் பெயருக்குப் பின்னால் இவருடைய அப்பா. பாஸ்போர்ட்டில் இருக்கும் வரிசையிலேயே எழுத்து மாறாமல் பதிவு செய்யுங்கள், பின்னால் திருத்துவது பெரும் பாடு. போனில் வைத்துக்கொள்வதைவிட, கொடுக்கும் நிறுவனம் சிப் அட்டை தந்தால் அதையே வாங்குங்கள். குளிரில் பேட்டரி விழும்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. ஒரு மாதத்தோடு நிறுத்த வேண்டுமென்றால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். கணக்கு எப்போதும் மாதத்தின் முதல் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை. டிசம்பர் நடுவில் கிளம்பிப் பொங்கல் முடிந்து வந்தால் இரண்டு மாதத்திலும் பாதிப் பாதி போச்சு. இப்போதெல்லாம் நாங்கள் விமான டிக்கெட்டையே ஒன்றாம் தேதியை ஒட்டித்தான் தேடுகிறோம்.

அப்புறம் அவள் கேட்ட கேள்வி. எங்கள் மாநிலத்தில் ஈஸி என்று ஒரு செயலி வழிக் கட்டணம் இருக்கிறது. ஏறும்போது ஒரு தட்டு, இறங்கும்போது ஒரு தட்டு. நேர்க்கோட்டுத் தூரத்துக்குத்தான் காசு, மாதத்துக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. அந்த வரம்பு டாய்ச்லாண்ட் டிக்கெட்டின் விலையேதான். அதாவது வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண், மாநிலத்துக்குள்ளேயே சுற்றுகிறவள், இதை வைத்திருந்தால் எந்த மாதமும் நஷ்டப்பட மாட்டாள். அதிகம் சுற்றினால் 63, சுற்றாத மாதம் அதில் கால்வாசி. கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்கே அதுதான் சரி. உன் வீட்டுக்காரருக்கு ஆபீஸ் வழியாகக் கிடைத்தால் அவர் வாங்கட்டும். நீ வாங்காதே.

நான் மட்டும் ஏன் மாறவில்லை என்று கேட்பாய். இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் போனில் தொகை தெரியும். அதைப் பார்த்தால் நான் மறுபடி கூட்டிக் கழிக்க ஆரம்பித்துவிடுவேன், பென்ராத்தில் இறங்க மாட்டேன். 63 யூரோ அதிகம்தான், நஷ்டஈடு கேவலம்தான், ஐந்துக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனசு வரவில்லை. என் சந்தாவை நான் நிறுத்தப் போவதும் இல்லை. இந்த ஞாயிறு ஹாம் போகிறோம். முதல் ரயிலைப் பிடிப்பதாக இருக்கிறோம், கூடவே படிவமும் ஒன்று எடுத்துப் போகிறேன்.