ஆட்டோகேட் ஆர்14: எட்டு வருடமாக ஓட்டிப் பார்த்ததில் கற்றது

கணினியில் பிளான் வரையும் மென்பொருளான ஆட்டோகேடின் 1997-இல் வந்த பதிப்பு ஆர்14-ஐ இன்றும் வாரத்துக்கு ஒரு நாளாவது திறக்கிறேன். வீட்டுப் பிளான் வரைவது என் தொழில். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் நான் வரைந்த வீடுகளுக்கு இப்போது மாடி எடுக்கிறார்கள். தூண் எங்கே நிற்கிறது, ஃபுட்டிங் (தூணின் அஸ்திவாரம்) எத்தனை அடி ஆழம், உள்ளே என்ன கம்பி என்பதெல்லாம் அந்தப் பழைய ஃபைல்களில்தான் இருக்கிறது.

பழைய கம்ப்யூட்டர் செத்ததும் 64-பிட் விண்டோஸ் 10 வாங்கினேன். ஆர்14 சிடியைப் போட்டால் இன்ஸ்டாலே ஆகவில்லை. புரோகிராம் 32-பிட்தான், ஆனால் அதன் இன்ஸ்டாலர் 16-பிட். 64-பிட் விண்டோஸில் 16-பிட் எதுவும் ஓடாது. பழைய புரோகிராமுக்கென விண்டோஸ் தரும் கம்பாட்டிபிலிட்டி மோடை மாற்றி மாற்றிப் பார்த்து இரண்டு நாளை வீணாக்காதீர்கள். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸில் 32-பிட் விண்டோஸ் எக்ஸ்பி போட்டு, அதற்குள் ஆர்14 போட்டேன். 512 எம்பி நினைவகம் கொடுத்தாலே பறக்கிறது. எக்ஸ்பிக்கு 2014-உடன் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதால் அதற்கு இன்டர்நெட் கொடுக்கவே இல்லை. ஒரு நேரத்தில் ஒரு ட்ராயிங்தான் திறக்கும், பல ட்ராயிங் திறக்கும் வசதி அடுத்த பதிப்பான ஆட்டோகேட் 2000-இல்தான் வந்தது. அதற்குப் பழகிவிட்டேன்.

இவ்வளவு பாடு எதற்கு, புது ஆட்டோகேட் பழைய டிடபிள்யூஜியை (ஆட்டோகேட் ட்ராயிங் ஃபைலை) திறக்குமே என்று கேட்பீர்கள். திறக்கும். கோடுகள் ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. கெடுவது எழுத்து.

அந்த நாளில் நாங்கள் பின்னம் போடுவதற்கென்றே ஆட்டோகேடின் சொந்த வகையான எஸ்எச்எக்ஸில் தனி எழுத்துரு வைத்திருந்தோம். அது இல்லாத கணினியில் ஆட்டோகேட் தன்னிடமுள்ள சிம்ப்ளெக்ஸ் என்ற எழுத்துருவை மாற்றாகப் போட்டுக்கொள்ளும், அதில் இல்லாத குறிக்குக் கேள்விக்குறி காட்டும். நாலரை அங்குலச் சுவர் என்ற குறிப்பில் அரை போய், 4-க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நின்றது. அறைப் பெயர்களைத் தமிழில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தேன். அந்த எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை. அதனால் எழுத்துரு இல்லாத இடத்தில் வரவேற்பறை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரிந்தது. சரி, அறைப் பெயரை ஊகித்துவிடலாம். சுவர் கனத்தையும் கம்பி விட்டத்தையும் ஊகிக்க முடியுமா?

இன்னொன்று பேனா கனம். ஆர்14-இல் கோட்டுக்கென்று தனிக் கனம் கிடையாது, பிரின்ட் எடுக்கும்போது நிறத்தை வைத்துத்தான் முடிவாகும். சிவப்புக்கு 0.5, மஞ்சளுக்கு 0.2 என்று நாங்கள் வைத்திருந்த மில்லிமீட்டர் கணக்கு பிசி2 என்ற பிரின்ட் அமைப்பு ஃபைலில் இருந்தது. அது இல்லாமல் புதியதில் அச்சடித்தால் எல்லாக் கோடும் 0.25 மில்லிமீட்டரில் வருகிறது. சுவரும் அளவுக்கோடும் ஒரே தடிமனில் இருக்கும் பிளானை மேஸ்திரி கையில் எப்படிக் கொடுப்பது? அந்த பிசி2 கிடைத்தால் புதிய ஆட்டோகேடில் ப்ளாட் ஸ்டைல் (எந்த நிறக் கோடு எந்தக் கனத்தில் அச்சாகும் என்ற பட்டியல்) உருவாக்கும்போது இறக்குமதி செய்துகொள்ளலாம்.

இப்போது என் வழக்கம் இது. ஃபைலை நோட்பேடில் திறந்து முதல் ஆறு எழுத்தைப் பார்ப்பேன். ஏசி1009 என்றால் ஆர்12 காலத்தது, ஏசி1014 என்றால் ஆர்14, ஏசி1015 என்றால் 2000. ஆர்14 வரையிலான ஃபைலை முதலில் எக்ஸ்பிக்குள் திறந்து, சரியான தோற்றத்தில் ஒரு பிரதி அச்சடிப்பேன். அப்புறம்தான் புதிய வடிவத்துக்கு மாற்றி, இரண்டையும் பக்கத்தில் வைத்து எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பேன். மாற்றுவதற்கு டிடபிள்யூஜி ட்ரூவியூ என்ற இலவச மென்பொருள் போதும், புதிய ஃபைலை ஆர்14-க்குத் திருப்பவும் அது உதவுகிறது. பழைய ட்ராயிங், எஸ்எச்எக்ஸ், பாமினி, பிசி2 எல்லாம் அந்த வீட்டின் ஃபோல்டரிலேயே சேர்ந்து இருக்கும். எக்ஸ்பியின் முழுப் பிரதி தனி டிஸ்க்கில் இருக்கிறது.

பெட்டியில் மீதம் இருக்கும் ஃபிளாப்பிகளைத்தான் இப்போது முதலில் படித்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். சில ஏற்கெனவே படிக்க மறுக்கின்றன.