ட்ராகன் ஏஜ் 2: ஆறாத கோபமும் கம்லென் மாமா வீடும்

ட்ராகன் ஏஜ் 2 கேமில், மூன்று வருடம் போய்விட்டது என்று கதை சொல்லும் வாரிக் சொல்கிறான். சரி என்று லோடவுன் என்ற ஏழைகள் பகுதியின் சந்தைக்கு இறங்கிப் போனால் அதே கடைகள், அதே மூலைகளில் அதே சனம், அதே மூட்டைகள். இன்னொரு மூன்று வருடம் போகிறது, திரும்பவும் கிட்டத்தட்ட அப்படியே. 2011 மார்ச்சில் வந்த இந்தக் கேமை இன்றுவரை கம்பியூட்டரிலிருந்து அழிக்கவும் மனம் வராமல் மன்னிக்கவும் முடியாமல் வைத்திருக்கிறேன். இடைக்கிடை திரும்ப விளையாடுவேன், ஒவ்வொரு முறையும் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

குகைகளைப் பற்றி எல்லோரும் திட்டி முடித்துவிட்டார்கள். ஒரே குகை, ஒரே கிடங்கு, ஒரே மாளிகை திரும்பத் திரும்ப வரும், ஒருமுறை இந்தப் பக்கத்தால் நுழைவோம், அடுத்தமுறை அந்தப் பக்கத்தால். வேண்டாத அறைக்குப் போகும் வாசலை ஒரு கற்பலகையால் அடைத்து வைத்திருப்பார்கள், ஆனால் திரை மூலையில் இருக்கும் சின்ன வரைபடத்தில் அந்த அறை முழுசாகத் தெரியும், அதையாவது மறைத்திருக்கலாம். முதல் பாகம் ஒரிஜின்ஸ் வந்தது 2009 நவம்பரில், இது அதிலிருந்து 16 மாதத்தில் வந்துவிட்டது. அவசரம் என்று விளங்குகிறது, அதனால் குகையை நான் விட்டுவிடுகிறேன். சண்டை முடிந்தது என்று மூச்சு விடும்போது அடுத்த கூட்டம் எங்கிருந்தோ குதித்து நம் மந்திரவாதியின் முதுகுப் பக்கம் வந்து விழுவதையும் விட்டுவிடுகிறேன். கூட வருபவர்களுக்கு நாம் விரும்பிய கவசத்தைப் போட முடியாது, அதுவும் போகட்டும்.

நகரத்தை மட்டும் விட முடியவில்லை. ஒரிஜின்ஸில் ஒரு நாடு முழுக்கச் சுற்றினோம், இதில் கேர்க்வோல் என்ற ஒரே நகரம், அதைச் சுற்றிக் கொஞ்சம் மலையும் கடற்கரையும், அவ்வளவுதான். இடம் மாறாது, காலம் மாறும், அதுதான் கதை என்று அவர்களே முடிவெடுத்தார்கள். உண்மையில் அருமையான யோசனை. அப்படியென்றால் காலம் போனதைக் கண்ணுக்குக் காட்ட வேண்டாமா? கொழும்பில் இருப்பவர்களுக்கு இது இன்னும் உறைக்கும். 2014 இல் காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் வெறும் கடலாக இருந்த இடம் 2019 தொடக்கத்தில் 269 ஹெக்டேயர் நிலமாகிவிட்டது. அவ்வளவு பெரிய விஷயம்கூட வேண்டாம், வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்கு மூன்று வருடம் போகாமல் இருந்துவிட்டுப் போய்ப் பாருங்கள், மாமரம் நின்ற பழைய வீடு அடுக்குமாடியாகியிருக்கும், முனையில் இருந்த கொமினிகேஷன் கடை மருந்துக்கடையாகியிருக்கும், கேட்டில் நிற்கும் வோச்சருக்கு உங்களைத் தெரியாது. கேர்க்வோலில் குனாரி என்ற வேற்றினத்தின் படை துறைமுகத்தில் வருடக்கணக்காக முகாம் போட்டு இருந்துவிட்டு ஒரு நாள் நகரத்தின் மேல் பாய்ந்து ஆட்சியாளரின் தலையையே வெட்டுகிறது. இவ்வளவு நடந்த ஊரில் அடுத்த மூன்று வருடம் கழித்துச் சந்தைக்குப் போனால் எனக்கு முதலில் தெரிவது அந்த மூட்டைகள். ஒரு சுவரில் கரி பிடித்திருந்தால், ஒரு கடை பூட்டிக் கிடந்தால் போதுமே.

இந்தளவு கோபம் வருவதற்குக் காரணம், இந்தக் கேமின் முதல் பகுதி அவ்வளவு நன்றாக இருப்பதுதான்.

நாம் விளையாடும் ஹோக்கின் குடும்பம் லோதரிங் என்ற ஊரிலிருந்து உயிர் தப்பி ஓடி வருகிறது. வழியில் ஒரு பிள்ளை சாகிறது. கப்பலில் கேர்க்வோலுக்கு வந்தால் அகதிகளுக்கு இனி இடமில்லை என்று வாசலில் மறிக்கிறார்கள், முற்றம் முழுக்க சனம். அம்மா லியாண்ட்ராவுக்கு இருக்கும் ஒரே துணை நகரத்துக்குள் இருக்கும் தம்பி கம்லென். அவர் வருகிறார், ஆனால் கையில் காசில்லை, உள்ளே வர வேண்டுமென்றால் கடத்தல்காரிக்கோ கூலிப்படைக்கோ ஒரு வருடம் உழைத்துக் கடன் தீர்க்க வேண்டும் என்கிறார். குடும்பத்தின் பெரிய வீட்டையும் அவர் கடனுக்கு விட்டுத் தொலைத்திருக்கிறார். யுத்த காலத்தில் ஊரை விட்டு வந்து கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ மாமா வீட்டு ஹோலில் பாய் விரித்துப் படுத்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இந்தக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த இருண்ட சின்ன வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அம்மாவும் மாமாவும் ஏதாவது கதைத்துக்கொண்டிருப்பார்கள், பாதி சண்டை, பாதி பழைய கதை. தாத்தாவின் உயில் எங்கே என்று அம்மா கேட்டுக்கொண்டே இருப்பா, அவர் மழுப்புவார். பிறகு நாமே பழைய வீட்டு நிலவறைக்குள் இறங்கி உயிலை எடுத்துப் பார்த்தால் எல்லாம் அம்மாவுக்குத்தான் எழுதியிருக்கிறது, மாமாவுக்கு ஏதோ ஒரு சிறு படிக்காசு. அதற்காக அவரை வெறுக்கவும் முடியவில்லை. நாலு பேருக்கு இடமில்லாத வீட்டில் நாலு பேரை வைத்திருந்த மனிதர் அவர். ட்ராகனும் மந்திரமும் உள்ள கேம்களில் உறவினர் வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் சங்கடத்தை இப்படி எழுதியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் அந்த ஒரு வருட உழைப்பு? அதைத் தாண்டிவிடுகிறார்கள். ஒரு வருடம் கழித்து என்று கதை தொடர்கிறது. கடன், இரவு வேலை, மாமாவின் முகம், அம்மாவின் வெட்கம், இதெல்லாம் நாம் விளையாடியிருக்க வேண்டிய பகுதி. அதை விட்டுவிட்டு அதே குகைக்குள் சிலந்தி அடிக்க அனுப்புகிறார்கள்.

ஸ்டீம் என்ற இணையக் கடையில் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா அண்ணா என்று சித்தியின் மகன் கேட்டான். வாங்காதே, ஒரிஜின்ஸை வாங்கு என்றுதான் சொன்னேன். இந்தக் கேமின் மூன்றாம் பகுதியை அப்போதுதான் திரும்ப முடித்திருந்தேன், நகரத்தில் மோதிக்கொள்ளும் மந்திரவாதிகளின் தலைவரும் அவர்களைக் காவல் காக்கும் படையின் தலைவியுமே கடைசியில் ராட்சத எதிரிகளாகி நம்மோடு சண்டைக்கு வருவதை இன்னொருமுறை பார்த்த சூடு ஆறவில்லை. யாரின் பக்கம் நின்றாலும் அந்த இரண்டு சண்டையும் வரும் என்றால் எதற்கு என்னிடம் பக்கம் கேட்டார்கள்?

அவன் அதற்குள் வாங்கிவிட்டான். சரி, வாங்கியவர்களுக்கு இரண்டு விஷயம். மந்திரவாதியாகத் தொடங்காதீர்கள், அப்போதுதான் தங்கை பெத்தனி பிழைப்பாள், தம்பி கார்வரைவிட அவள் அந்த வீட்டுக்கு உயிர் கொடுப்பாள். அப்புறம் 2011 ஜூலையில் வந்த லெகசி என்ற கூடுதல் கதைப் பகுதியைக் கட்டாயம் விளையாடுங்கள், அதில் இடங்கள் எல்லாம் புதிதாகச் செய்தவை. பெத்தனியையும் கூட்டிக்கொண்டு போங்கள். செத்துப்போன அப்பாவின் குரல் ஓரிடத்தில் கேட்கும், அப்போது அவள் பக்கத்தில் இருக்க வேண்டும்.