சுமை ஏற்றும் பிக்கப்பில் டிராக் ரேஸ்: பின் ஆக்சிலில் போட்ட பணம்தான் பலித்தது

பிக்கப்பை டிராக் ரேஸ் (நேர்கோட்டில் கால் மைல் ஓடும் போட்டி) தடத்தில் ஓட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "என்ஜினில் என்ன மாற்றலாம்?" என்பதைத்தான். ஒரே வண்டியைச் சில வருடங்களாக வேலைக்கும் கால் மைல் ஓட்டத்துக்கும் பயன்படுத்தி வருகிறேன். என்னைக் கேட்டால், அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. என் வண்டி 5.3 லிட்டர் வி8 பெட்ரோல் என்ஜின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின்சக்கர இயக்கம், பின்னால் பட்டை ஸ்பிரிங். எடை இரண்டு டன்னுக்குச் சற்று மேல். இதில் இருக்கிற சக்தியைத் தரையில் இறக்குவதே பெரும்பாடு. அதைச் சரிசெய்யாமல் மேலும் சக்தி சேர்த்தால் புகைதான் கூடும், நேரம் குறையாது.

பின்னால் உள்ள சரக்குத் தொட்டி காலியாக இருக்கும்போது பிக்கப்பின் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் முன்சக்கரங்கள் மீது உட்கார்ந்திருக்கும். தள்ள வேண்டிய பின்சக்கரங்களுக்கு மேலே வெறும் தகரத் தொட்டி. பின்னால் உள்ள பட்டைகளோ ஒரு டன் சரக்கைத் தாங்குவதற்காகச் செய்தவை. காலி வண்டியில் அவை இறுகி நிற்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் ஆக்சில் ஹவுசிங், அதாவது பின் ஆக்சிலின் கூடு, சக்கரம் சுழலும் திசைக்கு எதிராக முறுக்கிக்கொள்ளும், அதன் முன்பக்கமான பினியன் மூக்கு மேலே எழும், பட்டைகள் வளையும். டயர் பிடியை விட்டதும் முறுக்கு சட்டென்று அவிழும். பிடி கிடைத்ததும் மறுபடி முறுக்கும். இப்படியே வண்டியின் பின்பகுதி குதிக்கத் தொடங்கும். ஜாயிண்டுகளையும், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டான புரொபெல்லர் ஷாஃப்ட்டையும் உடைப்பது பெரும்பாலும் இந்தக் குதிப்புதான்.

ஆகவே என் முதல் செலவு டிராக்‌ஷன் பார். ஆக்சிலிலிருந்து பட்டையின் முன்கண் வரை செல்லும் இந்தக் கம்பி, முறுக்கை டயரைத் தரையோடு அழுத்தும் விசையாக மாற்றுகிறது. பொருத்திய பிறகு குதிப்பு அடியோடு நின்றது. ஒரு குறை உண்டு: முழுச் சுமையோடு மேடுபள்ளச் சாலையில் போகும்போது புஷ்ஷிலிருந்து ஒரு 'டக்' சத்தம் வரும். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ-போல்ட்டுகளை அவ்வப்போது இறுக்கிப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. வேலைக்கு ஓடும் வண்டியில் இதைச் செய்யாமல் விட முடியாது.

அடுத்தது லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். டிஃபரன்ஷியல் என்பது சக்தியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்பு; இந்த வகை, ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும். சுழலும் புரொபெல்லர் ஷாஃப்ட் ஆக்சிலை ஒரு பக்கமாகச் சாய்ப்பதால், புறப்படும்போது வலது பின்சக்கரத்தின் மீதான எடை குறையும். சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் அந்த ஒரு சக்கரம் மட்டும் சுழன்று கரியும், மற்றது சும்மா நிற்கும். மாற்றிய பிறகு இரண்டும் சேர்ந்து தள்ளுகின்றன. சேற்றில் சரக்கு இறக்கும் நாட்களிலும் இது கைகொடுக்கிறது. வண்டிக்குச் செய்த எல்லாவற்றிலும் வேலை, ஓட்டம் இரண்டிலும் குறையில்லாமல் லாபம் தந்தது இது ஒன்றுதான் என்பேன்.

டிராக் தடத்துக்கென்று மிருதுவான ரப்பரில் செய்த டிராக் ரேடியல் டயர்களைப் பற்றி எனக்குக் கலவையான எண்ணம். பிடியில் குறையே இல்லை. சாலையில் 35 பி.எஸ்.ஐ. காற்று வைக்கும் நான் தடத்தில் 20-ஐ ஒட்டி இறக்குகிறேன். ஓடி முடித்ததும் வீட்டுக்குக் கிளம்பும் முன் காற்று நிரப்பியே ஆக வேண்டும். ஆனால் மிருதுவான ரப்பர் சாலையில் பென்சில் அழிப்பான்போலத் தேய்கிறது. பட்டன் ஆழம் குறைவு என்பதால் ஈரச் சாலையில் நம்ப முடியாது. தனி வீல்களில் மாட்டி, தடத்துக்குப் போகும் நாளில் மட்டும் போடுவதே புத்திசாலித்தனம். சாதாரண டயரோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: டிராக் டயர்களைச் சுழற்றிச் சூடேற்றுவதற்காகத் தண்ணீர் தேக்கியிருக்கும் இடத்துக்குள் இறங்காமல் சுற்றிப் போங்கள். பட்டன் இடுக்கில் ஏறும் தண்ணீர் புறப்படும் கோடு வரை கூடவே வந்து சொட்டும். பின்னால் வரிசையில் நிற்பவர்களின் வசவும் கூடவே வரும்.

இவற்றின் பலனைக் காட்டுவது முதல் அறுபது அடி நேரம், அதாவது ஏறத்தாழ 18 மீட்டர். எனக்கு 2.3 விநாடிக்கு மேல் இருந்தது இப்போது இரண்டு விநாடியை ஒட்டி வருகிறது. அங்கே பத்தில் ஒரு பங்கு விநாடி மிச்சமானால் கால் மைல் முடிவில் அதைவிடக் கூடுதலாகவே குறையும். ஓட்டம் முடிந்ததும் தரும் நேரச் சீட்டைப் படிக்கும்போது கடைசி வேகத்தையும் மொத்த நேரத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். வேகம் என்ஜினின் சக்தியைச் சொல்லும். நேரம் அந்தச் சக்தி தரையில் இறங்கியதா என்று சொல்லும். வேகம் நன்றாக இருந்தும் நேரம் மோசமென்றால், என்ஜினைத் தொடவே தேவையில்லை.

என்ஜின் பக்கம் நான் செய்தது கொஞ்சமே. கணினி நிரலைத் திருத்தினேன். கியர் மாறும்போது என்ஜினை அடக்கும் தொழிற்சாலை அமைப்பு தளர்ந்தது. டயர்களின் தரத்தை மனதில் வைத்து, தொழிற்சாலையில் மணிக்குச் சுமார் 160 கிலோமீட்டரில் போட்டிருந்த வேகப் பூட்டும் நகர்ந்தது. ஆக்சில் பல் விகிதத்தை (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை) 3.42-இலிருந்து 3.73-க்கு மாற்றினேன். புறப்பாடு கூர்மையானது, சுமையோடு ஏற்றம் ஏறுவதும் எளிதானது. நெடுஞ்சாலையில் என்ஜின் சற்று அதிகமாக இரைகிறது. எரிபொருளும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிறது. 4.10 போடச் சொன்ன நண்பர்கள் உண்டு. அவர்கள் யாரும் தினமும் இந்த வண்டியில் நெடுந்தூரம் போகிறவர்கள் அல்லர். கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் கூலர் வைத்ததை மட்டும் ஆடம்பரம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கொல்வது சூடு.

எடை குறைப்பதில் பிக்கப்புக்கென்று ஒரு வம்பு உண்டு. காரில் எதைக் கழற்றினாலும் பெரும்பாலும் லாபம். இங்கே ஸ்டெப்னியும் பின்கதவும் பின் ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கின்றன. அவற்றைக் கழற்றினால் மொத்த எடை குறையும், பிடியும் கூடவே குறையும். என் வண்டியில் ஸ்டெப்னி இருந்தபோதுதான் முதல் அறுபது அடி நன்றாக வந்தது. பின்கதவை மூடியே ஓட்டுகிறேன். மூடிய தொட்டிக்குள் சுழலும் காற்று மேலே போகும் காற்றைக் கதவைத் தாண்டி வழுக்கவிடுகிறது, திறந்தால்தான் இழுவை கூடும். பிடிக்காக மணல் மூட்டையைத் தொட்டியில் போட்டுக்கொண்டு வருபவர்கள் ஓட்டத்துக்கு முந்தைய வண்டிப் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பப்படுவார்கள். அமெரிக்காவின் டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிப்படி கூடுதல் எடை எதுவானாலும் போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். மணல், தண்ணீர், கல் எதற்கும் அனுமதி இல்லை. அது நியாயமான விதி. பிரேக் போடும் நொடியில் அந்த மூட்டை எங்கே வரும் என்று யோசித்தால் போதும்.

அதே விதிகளில் கால் மைலுக்கு 13.99 விநாடியும் அதைவிட வேகமும் என்றால் ஹெல்மெட் கட்டாயம். என் வண்டி இன்னும் 14-க்கு மேலேதான் நிற்கிறது, ஆனாலும் அணிந்தே ஓட்டுகிறேன். பேட்டரி பிடிமானம், ரேடியேட்டர் வழிந்தால் பிடிக்கும் டப்பா, வீல் நட் இறுக்கம் ஆகியவற்றை வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போனால் பரிசோதனையில் நேரம் போகாது.

வேகத்தில் கார்களோடு போட்டியிட முடியாதே என்று தயங்குபவர்கள் பிராக்கெட் ரேஸைப் பாருங்கள். ஓடப்போகும் நேரத்தை நீங்களே முன்கூட்டி அறிவிக்க வேண்டும். மெதுவான வண்டி முன்னதாகப் புறப்படும். அறிவித்ததைவிட வேகமாக ஓடினால் பொதுவாகத் தோல்வி. புறப்படும் கோட்டில் உள்ள விளக்குக் கம்பத்தின் மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எரியும், கடைசி மஞ்சளிலேயே கால் அசைய வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஓடுவதுதான் இங்கே பலம். அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் என்ஜின் வெப்பம், டயர் காற்று, டேங்கில் எரிபொருள் மூன்றையும் நோட்டில் எழுதுகிறேன். மாலையில் காற்று குளிர்ந்ததும் என்ஜின் தானாகவே வேகம் பிடிக்கும். மதியம் அறிவித்த நேரத்தையே மாலையிலும் அறிவித்தால் ஆட்டம் போய்விடும்.

இனி செய்ய நினைப்பது முன் பிரேக் பேட் மட்டுமே. இரண்டு டன் வண்டியை அந்த வேகத்திலிருந்து திரும்பத் திரும்ப நிறுத்துவதில், நாளின் கடைசி ஓட்டங்களில் பெடல் கொஞ்சம் மிருதுவாகிறது. அது சரியாகும் வரை அடுத்தடுத்து ஓடாமல், நடுவில் பிரேக் ஆற நேரம் கொடுக்கிறேன்.