ஜவேரி பஜாரில் பட்டை தீட்டாத ஓப்பல்

மும்பை மாட்டுங்காவிலிருந்து ஜவேரி பஜாருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தங்கம் வாங்கத்தான் போவார்கள். நான் போனது சந்துக்குள் மாடியில் இருக்கும் ஒரு கல் கடைக்கு. ஓப்பல் என்ற ரத்தினக் கல்லைத் தீட்டாத நிலையில் பார்க்க அருமையான இடம்.

எத்தியோப்பியாவின் வெலோ பகுதிக் கற்கள்தான் இங்கே அதிகம். ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மேலே வெறும் பழுப்புத் தோல், ஒரு மூலை உடைந்த இடத்தில் மட்டும் பச்சை. சேட் அதை ஜன்னல் பக்கம் மெல்லத் திருப்பினார். பச்சை அப்படியே சிவப்பாக மாறியது! தீட்டிய கல்லில் இந்தத் திகைப்பு கிடைக்காது. இந்த வகை தண்ணீரை உறிஞ்சும். நனைந்தால், திருப்பும்போது நிறம் மாறும் இந்த வண்ண விளையாட்டு மங்கி, கல் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். நன்றாக உலர்ந்தால் பழையபடி திரும்பும். அதனால் காய்ந்த கல்லாகப் பார்த்து வாங்குங்கள். இங்கே எல்லாவற்றையும் காயவைத்துத்தான் விற்கிறார்கள், அது நேர்மை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து போல்டர் ஓப்பலும் உண்டு. இரும்புப் பாறைக்குள் நீல நரம்பு ஓடும் அதை வெட்டவே மனம் வராது. மெக்சிகோவின் ஃபயர் ஓப்பல் நல்ல ஆரஞ்சு நிறம், ஆனால் பலவற்றில் வண்ணம் மாறுவதில்லை. எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் லைட்னிங் ரிட்ஜ் ஊர்க் கறுப்பு ஓப்பல் இருப்பில் இல்லை.

விலை கிராம் கணக்கில். மேஜை விளக்கை நம்பாமல் பகலில் போங்கள், வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கத் தாராளமாக விடுகிறார்கள்.