எழில் மொழியில் ‘ஆக’ மடக்கு: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில், பைத்தான் என்ற நிரலாக்க மொழியில் எழுதப்பட்ட திறந்த மூல நிரலாக்க மொழி. கட்டளைச் சொற்கள் எல்லாம் தமிழ். கடலூர், புதுச்சேரிப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுக்க இதை நெடுநாளாகப் பயன்படுத்துகிறோம். மடக்கு என்பது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளை. இங்கே எண்ணிக்கை மடக்கைப் பற்றி மட்டும் பேசுவோம். புதியவர்கள் அதிகம் திணறுவது அதில்தான்.

ஏழாம் வாய்பாடு இப்படி வரும்:

@(எண்ணி = 1, எண்ணி <= 10, எண்ணி = எண்ணி + 1) ஆக
    பதிப்பி எண்ணி, "× 7 =", எண்ணி * 7
முடி

‘எண்ணி’ ஒரு மாறி, அதாவது ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர். அடைப்புக்குள் மூன்று பகுதிகள். தொடக்கம் ஒரே ஒரு முறை நடக்கும். நிபந்தனையை ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் சோதிக்கும். சரி என்றால் உள்ளே போகும், தவறு என்றால் ‘முடி’யைத் தாண்டிவிடும். மூன்றாம் பகுதி ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் நடக்கும். இந்த வரிசை மனதில் பதிய, ஓடவிடுவதற்கு முன் தாளில் அட்டவணை போடச் சொல்லுங்கள்: எண்ணியின் மதிப்பு, நிபந்தனை சரியா தவறா, திரையில் வருவது என்று மூன்று கட்டங்கள் போதும். மடக்கு முடிந்ததும் எண்ணியில் என்ன இருக்கும் என்று கேட்டால் பெரும்பாலும் 10 என்பார்கள். விடை 11. எண்ணி 11 ஆகி நிபந்தனை தவறிய பிறகுதான் மடக்கு நிற்கிறது. அட்டவணையில் அந்தக் கடைசி வரியையும் எழுத வைத்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

நடுப்பகுதியை ‘எப்போது நிற்கவேண்டும்’ என்று புரிந்துகொண்டு எண்ணி == 10 என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். தொடக்கத்தில் எண்ணி 1 என்பதால் நிபந்தனை முதலிலேயே தவறும். திரையில் ஒரு வரிகூட வராது, பிழைச் செய்தியும் வராது. <= என்பதற்குப் பதில் < போட்டால் ஒன்பது வரியோடு நிற்கும்.

ஒன்று கூடுவது, குறைவது பற்றி ஒரு பயிற்சி. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 100 மீட்டர் நீளத்துக்கு, பத்து மீட்டருக்கு ஒன்றாக விளக்குக் கம்பம் நட்டால் எத்தனை கம்பம் வேண்டும்? 100ஐ 10ஆல் வகுத்து 10 என்று சொல்லிவிடுவார்கள். தூரம் 0 முதல் 100 வரை, பத்துப் பத்தாக மடக்கை ஓட்டிப் பார்த்தால் 11 வரும், தொடக்கத்திலும் ஒரு கம்பம் உண்டல்லவா? கடைசி மதிப்பிலிருந்து முதல் மதிப்பைக் கழித்து, படியால் (ஒவ்வொரு சுற்றிலும் கூடும் அளவால்) வகுத்து, ஒன்று கூட்டினால் சுற்றுகளின் எண்ணிக்கை கிடைக்கும். வகுத்தலில் மீதி வந்தால் அதை விட்டுவிடலாம்.

தமிழில் எழுதுவதால் மட்டுமே வரும் சிக்கல் ஒன்று உண்டு, அதைக் கண்டுபிடிப்பதும் சிரமம். மூன்றாம் பகுதியில் கை தவறி எண்னி = எண்ணி + 1 என்று அடித்துவிட்டால், எழில் அதைப் புதிய மாறியாக எடுத்துக்கொள்ளும். எண்ணி 1லேயே நிற்கும்; ‘1 × 7 = 7’ திரை முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தி நிறுத்துங்கள். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் முதலில் மூன்றாம் பகுதியின் ண, ன, ர, ற, ல, ள எழுத்துகளைப் பாருங்கள்.

மடக்குக்குள் மடக்கு வைப்பதற்குக் கோலத்தைவிட நல்ல பயிற்சி எங்களுக்குக் கிடைக்கவில்லை. மார்கழியில் திருப்பாதிரிப்புலியூர்த் தெருக்களில் போடுகிற இடுக்குப்புள்ளிக் கோலம், 7 புள்ளி 4 வரை. வரிசைக்கு 4, 5, 6, 7, 6, 5, 4 என்று மொத்தம் 37 புள்ளிகள். மேல்பாதி இது:

@(புள்ளி = 4, புள்ளி <= 7, புள்ளி = புள்ளி + 1) ஆக
    வரி = ""
    @(இடம் = 1, இடம் <= 7 - புள்ளி, இடம் = இடம் + 1) ஆக
        வரி = வரி + " "
    முடி
    @(முறை = 1, முறை <= புள்ளி, முறை = முறை + 1) ஆக
        வரி = வரி + "* "
    முடி
    பதிப்பி வரி
முடி

வரி = "" என்பது எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெளி மடக்குக்கு மேலே வைத்தால் பழைய வரிசையோடு புதியது ஒட்டிக்கொண்டு நீளும். புள்ளி போடும் உள் மடக்குக்குள்ளும் அதை எழுதினால் ஒவ்வொரு சுற்றிலும் அழிந்து, வரிசைக்கு ஒரே ஒரு புள்ளிதான் மிஞ்சும். 1 முதல் 10 வரை கூட்டச் சொன்னால் 55க்குப் பதில் 10 வருவதும் இதே காரணத்தால்தான்: கூட்டுத்தொகையைச் சுழியாக்கும் வரி மடக்குக்கு உள்ளே போயிருக்கும்.

கீழ்பாதிக்குப் புள்ளி 6இல் தொடங்கி 4 வரை இறங்க வேண்டும். மூன்றாம் பகுதியில் கழித்தல் போடுவார்கள், நடுவில் <= அப்படியே இருந்துவிடும். 6 <= 4 தவறு என்பதால் பாதிக் கோலத்தோடு நின்றுபோகும். அங்கே >= தான் வரவேண்டும். வெளியிலும் உள்ளேயும் ஒரே மாறிப் பெயர் வைப்பதையும் தொடக்கத்திலேயே தடுத்துவிடுங்கள். உள் மடக்கு வெளி மடக்கின் எண்ணிக்கையைக் கெடுத்துவிடும்.

‘முடி’ ஒன்று குறைந்தால் பிழை அந்த இடத்தைக் காட்டாது, கோப்பின் இறுதிக்குப் போய்த்தான் தெரியும். ‘ஆக’ எழுதிய உடனே ‘முடி’யையும் எழுதிவிட்டு நடுவை நிரப்பும் பழக்கம் இதைத் தவிர்க்கும்.

எழிலிலேயே வருடக்கணக்கில் இருக்கவேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++ வருகிறது. அதன் ஃபார் மடக்கிலும் இதே மூன்று பகுதிகள்தான், காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி. அதனால் கடலூர் மாணவர்கள் சிரமமில்லாமல் மாறிவிடுகிறார்கள். சிபிஎஸ்இ படிக்கும் புதுச்சேரி மாணவர்களுக்குப் பைத்தான் என்பதால் இரண்டு விஷயங்களைத் தனியாகச் சொல்லவேண்டும். மடக்குக்கு எண் வரிசை தரும் ரேஞ்ச்(1, 11) என்றால் 10 வரைதான் போகும், முடிந்தபின் மாறியில் இருப்பதும் 10. எழிலில் மடக்குக்குள் எண்ணியை இன்னொரு முறை கூட்டினால் 1, 3, 5 என்று தாவும். பைத்தானில் அப்படிக் கூட்டினாலும் அடுத்த சுற்றில் ரேஞ்ச் தன் வரிசையில் உள்ள அடுத்த எண்ணையே தரும்.