முலூஸ் கார் மியூசியம்: நூல் மில்லுக்குள் நானூறு கார்

அப்பா உள்ளே நுழைந்ததும் காரைப் பார்க்கவில்லை. ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருமுறை பார்த்தார், தூண்களை எண்ணுகிற மாதிரி விரலை ஆட்டினார், அப்புறம் என் பக்கம் திரும்பி, "இது மில்லு தான கண்ணு?" என்றார். நான் அதுவரை அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பழைய கார் மியூசியம் ஒன்று இருக்கிறது, போகலாம் வாங்க என்று மட்டும்தான் சொல்லிக் கூட்டி வந்தேன். கோயம்புத்தூரில் ஸ்பின்னிங் மில்லில் இருபத்தேழு வருஷம் ஃபிட்டராக இருந்தவருக்கு, மெஷினையெல்லாம் எடுத்துவிட்டாலும் மில் மில்லாகத்தான் தெரிகிறது.

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், அல்சாஸ் பகுதியில் இருக்கிற முலூஸ் நகரத்தின் கார் மியூசியத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். நாங்கள் வேலை நிமித்தமாக சுவிட்சர்லாந்தில் பாசெலில் இருக்கிறோம். அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. முலூஸ் ஸ்டேஷன் வாசலிலேயே டிராம் இருக்கிறது, ஒன்றாம் நம்பர், மியூசியத்தின் பெயரிலேயே ஒரு நிறுத்தம் இருக்கிறது, இறங்கிக் கொஞ்சம் நடந்தால் போதும். பாரிஸிலிருந்து வருபவர்களுக்கு டிஜிவி அதிவேக ரயில் நேராக வருகிறது. டிக்கெட்டை ஆன்லைனிலேயே எடுத்துவிடுங்கள். வழி அவ்வளவுதான், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கார் பைத்தியம். சின்ன வயதில் அவினாசி ரோட்டில் எங்காவது ஒரு பழைய மோரிஸ் மைனர் போனால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பின்னாலேயே போயிருக்கிறேன். எங்கள் ஊரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் நடத்தும் கார் மியூசியத்துக்கு எத்தனை முறை போனேன் என்று கணக்கே இல்லை. ஆனால் முலூஸில் இருப்பது வேறு அளவு. நானூறுக்கும் மேற்பட்ட கார்கள், அவற்றில் புகாட்டி மட்டும் நூறுக்கு மேல். உலகத்தில் வேறெந்தக் கூரைக்கடியிலும் இத்தனை பழைய புகாட்டிகளைச் சேர்ந்தாற்போல் பார்க்க முடியாது. இது எப்படி ஒரு நூல் மில்லுக்குள் வந்தது என்கிற கதையைத் தெரிந்துகொண்டு போனால்தான் பார்ப்பது முழுசாக இருக்கும், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஹான்ஸ் ஷ்லும்ப், ஃபிரிட்ஸ் ஷ்லும்ப் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். 1935-ல் கம்பளி நூல் தொழிலில் இறங்கி, ஒவ்வொரு மில்லாக வாங்கி, அல்சாஸில் பெரிய முதலாளிகள் ஆனார்கள். தம்பி ஃபிரிட்ஸுக்கு புகாட்டி என்றால் உயிர். புகாட்டி தொழிற்சாலை இருந்த மோல்சைம் ஊரும் இதே அல்சாஸில்தான் இருக்கிறது, அதாவது சொந்த மண்ணின் கார். 1960களின் தொடக்கத்தில் புகாட்டி சொந்தக்காரர்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, விற்கிறீர்களா என்று கடிதம் கடிதமாகப் போட்டிருக்கிறார். 1963-ல் மோல்சைம் தொழிற்சாலையிலிருந்தே 18 கார்களை வாங்கினார். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஜான் ஷேக்ஸ்பியர் என்று ஒரு சேகரிப்பாளர் 30 புகாட்டி வைத்திருந்தார். அவரிடமிருந்து அத்தனையையும் மொத்தமாகப் பேசி வாங்கி, 1964-ல் ரயிலில் ஏற்றி, பிறகு கப்பலில் கொண்டுவந்து சேர்த்தார்.

எல்லாமே ரகசியம். முலூஸில் இருந்த இந்தப் பழைய மில்லுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தச்சர், தோல் வேலைக்காரர், மெக்கானிக் என்று 40 பேர் வரை வைத்து ஒவ்வொரு காராகச் சரி செய்துகொண்டிருந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே சொல்லக் கூடாது என்பது வேலையின் நிபந்தனை.

1970களில் நூல் தொழில் படுத்தது. ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம், மில்களை விற்கும் முயற்சி எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. 1976-ல் தொழிலாளர்கள் முதலாளிகளின் வீட்டைச் சூழ்ந்துகொள்ள, போலீஸ் பாதுகாப்போடு வெளியேறிய சகோதரர்கள் எல்லை தாண்டி பாசெலுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் காலையில் ரயிலில் வந்த அதே பாசெல். 1977 மார்ச் 7-ம் தேதி தொழிற்சங்கத்துக்காரர்கள் முலூஸ் மில்லின் கதவைத் திறந்து உள்ளே போனார்கள். சம்பளத்துக்குப் பணமில்லை என்று கேட்டுக் கேட்டுப் புளித்த காதுகளோடு போனவர்களின் கண் முன்னால் வரிசை வரிசையாகப் பளபளத்துக்கொண்டு கார்கள்.

இந்த இடம் வரும்போது அப்பாவிடம் நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். அவருடைய மில்லும் 90களில் மூடியதுதான். ஒருநாள் விடிகாலை சங்கு ஊதவில்லை, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. கிராஜுவிட்டி பணம் கைக்கு வர ஒன்பது வருஷம் ஆனது. அந்த ஒன்பது வருஷமும் எங்கள் வீடு எப்படி ஓடியது என்று எனக்குத் தெரியும். "அப்புறம் என்ன பண்ணுனாங்க? உடைச்சுப் போட்டாங்களா?" என்று அவரே கேட்டார்.

உடைக்கவில்லை. சரி செய்யாமல் கிடந்த ஒரு பழைய ஆஸ்டின் செவனை மட்டும் கோபத்தில் கொளுத்தினார்கள். மற்ற எதன் மீதும் கை வைக்கவில்லை. மில்லுக்கு 'தொழிலாளர் ஆலை' என்று பெயர் வைத்து, இரண்டு வருஷம் அவர்களே காவல் காத்து, ஊர் ஜனங்களை உள்ளே விட்டுக் காட்டினார்கள். 1978-ல் அரசாங்கம் இந்தச் சேகரிப்பை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது, எனவே துண்டு துண்டாக விற்று நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக வழியில்லாமல் போனது. 1981-ல் 4 கோடியே 40 லட்சம் பிராங்குக்குக் கைமாறி, 1982-ல் முறையான மியூசியமாகத் திறந்தார்கள்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "நாங்களா இருந்தாலும் மெஷின்மேல கை வச்சிருக்க மாட்டோம்" என்றார்.

இனி கார்கள். பெரிய ஹாலில் தெரு மாதிரியே பாதை போட்டு, இரண்டு பக்கமும் விளக்குக் கம்பங்கள் நிற்கின்றன. பாரிஸில் மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்தில் இருக்கும் விளக்குகளைப் பார்த்துச் செய்தவை, நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, ஃபிரிட்ஸின் ஆசைதான் அதுவும். 1878-ம் வருஷத்து நீராவி வண்டியில் தொடங்கி வரிசையாக வருகிறது. பனார், பெஜோ, தெ தியோன் பூத்தோன் என்று ஆரம்ப கால வண்டிகளை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். ஸ்டியரிங் எங்கே இருக்க வேண்டும், இன்ஜினை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி முயன்று பார்த்திருப்பது அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. பிற்காலத்து ரேஸ் கார்களை நான் கொஞ்சம் வேகமாகவே தாண்டினேன், எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை.

எனக்கு உயிர் நின்ற இடம் புகாட்டி டைப் 35 முன்னால். 1924-ல் லியோன் நகரில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில் முதன்முதலாக ஓடிய மாடல். நீல நிறம், குதிரை லாட வடிவ ரேடியேட்டர், எட்டு ஆரத்தோடு ஒரே வார்ப்பாக அலுமினியச் சக்கரம், அதிலேயே பிரேக் டிரம்மும் சேர்ந்திருக்கும். நான் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா குனிந்து முன் ஆக்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். புகாட்டி ஆக்சிலில் ஒரு வேலைப்பாடு உண்டு. எல்லா வண்டியிலும் ஸ்பிரிங் பட்டையை ஆக்சிலின் மேலேயோ கீழேயோ வைத்து யு-போல்ட் போட்டுக் கட்டியிருப்பார்கள். இதில் ஆக்சிலிலேயே சதுரமாக ஒரு கண் விட்டு, அதற்குள்ளே ஸ்பிரிங் பட்டை நுழைந்து போகிறது. ஆக்சிலும் குழல் மாதிரி உள்ளீடற்றது. "இத எப்படி அடிச்சிருப்பான்... அடிச்சு, துளை போட்டு, அப்புறம் முனையை மூடி..." என்று கையாலேயே காற்றில் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே பத்து நிமிஷம் அந்த ஒரு ஆக்சிலுக்குப் போனது.

அப்போதுதான் அந்தப் பெரியவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர், அந்தப் பக்கத்துக்காரர்தான். அப்பாவின் கை ஆடுவதைப் பார்த்துவிட்டு, அவரும் குனிந்து அதே இடத்தைக் காட்டி என்னவோ பிரெஞ்சில் சொன்னார். எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் நடுவில் நின்றேன். அவரிடம் சிட்ரோயன் டிராக்சியான் அவான் என்ற பழைய பிரெஞ்சுக் கார் ஒன்று இருக்கிறதாம், முப்பது வருஷமாக வைத்திருக்கிறாராம். போனை எடுத்துப் படம் காட்டினார். காரின் படம் என்று நினைத்தேன், இல்லை, கழற்றி மேஜைமேல் வைத்த கியர்பாக்ஸின் படம். ஒவ்வொரு பல்சக்கரத்தையும் துணியில் வரிசையாக வைத்து எடுத்திருந்தார். அப்பா கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ஒரு பல்லில் விரல் வைத்து, "இது மட்டும் புதுசு" என்றார். நான் மொழிபெயர்த்ததும் பெரியவர் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். அதைக் கடைந்து செய்ய ஆள் தேடி அலைந்ததாகவும், கடைசியில் ரிட்டயர் ஆன ஒரு டர்னர் வீட்டு ஷெட்டில் வைத்துச் செய்து கொடுத்ததாகவும் சொன்னார். அதற்குப் பிறகு என்னை இரண்டு பேரும் அதிகம் தேடவில்லை. கையும் தலையாட்டலுமாகவே இன்னும் இரண்டு வரிசை சேர்ந்து பார்த்தார்கள்.

கடைசியில் இருக்கிறது அந்த இருட்டான அறை. வெளிச்சம் கார்கள் மேல் மட்டும் விழுகிறது. புகாட்டி ராயல் மொத்தமே 6 தான் செய்தார்கள், அதில் 2 இங்கே நிற்கின்றன. 12.7 லிட்டர், ஒரே வரிசையில் எட்டு சிலிண்டர். நம் ஊர் சின்னக் கார் இன்ஜினைப் போல் பத்துக்கும் மேல் அதற்குள் அடங்கும். ராஜாக்களுக்கென்று 25 செய்யத் திட்டம் போட்டார்கள், விற்றது 3 தான். மிஞ்சிய இன்ஜின்களை, கம்பெனியைத் தொடங்கிய எத்தோரே புகாட்டி ரயில் பெட்டிகளில் பொருத்தி விற்றுத் தொழிற்சாலையைக் காப்பாற்றினார். ரேடியேட்டர் மூடியின்மேல் பின்னங்காலில் எழுந்து துதிக்கையைத் தூக்கி நிற்கும் யானை ஒன்று. எத்தோரேயின் தம்பி ரெம்ப்ராண்ட் சிற்பி, அவர் செய்தது. ரெம்ப்ராண்ட் 1916-லேயே இறந்துவிட்டார், ராயல் வந்தது அதற்குப் பத்து வருஷம் கழித்துத்தான். தான் செய்த மிகப் பெரிய காரின் முகப்பில் தம்பியின் யானையை அண்ணன் ஏற்றி வைத்திருக்கிறார். அப்பா தன்னையறியாமல் கையைக் கூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இரண்டில் ஒன்று கூப்பே நெப்போலியன், எத்தோரே தனக்கென்று வைத்திருந்த கார். போர்க்காலத்தில் ஜெர்மானியர் கண்ணில் படாமல் இருக்க வேறு இரண்டு ராயல்களோடு சேர்த்து சுவர் எழுப்பி மறைத்து வைத்திருந்தார்கள். பின்னால் முதலாளி உட்காரும் இடத்துக்கு மூடிய அறை, முன்னால் டிரைவர் இடத்துக்குக் கூரை இல்லை. "மழை வந்தா டிரைவர் நனையோணுமா?" என்று அப்பா கேட்டார். அந்தக் காலத்து வழக்கம் அப்பா என்றேன். எத்தனையோ முறை படத்தில் பார்த்த கார், எனக்கு அது ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

பக்கத்திலேயே எஸ்தெர்ஸ் ரோட்ஸ்டர் என்ற திறந்த ராயலின் மறுபதிப்பும் இருக்கிறது. அசல் காரை வாங்கியவர் இரவில் ஓட்டமாட்டேன் என்று ஹெட்லைட்டே இல்லாமல் செய்யச் சொன்னவர். அந்தக் காரின் உடல் பிற்பாடு மாற்றப்பட்டுவிட்டது. ஃபிரிட்ஸ் சேர்த்து வைத்திருந்த ராயல் உதிரிபாகங்களைக் கொண்டுதான் இந்த மறுபதிப்பைப் பிறகு உருவாக்கினார்கள். ஹெட்லைட் இல்லாத அந்த முகம் எவ்வளவு அழகு என்று நேரில் பார்த்தால்தான் தெரியும், முன்சக்கரத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரே இழுப்பில் வரைந்த கோடு மாதிரி இருக்கிறது.

ஃபிரிட்ஸ் ஷ்லும்ப் நல்லவரா என்று என்னைக் கேட்டால், மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளையாக எனக்கு அவர்மேல் கோபம்தான். ஆனால் அவர் கையில் சேராமல் இருந்திருந்தால் இதில் பாதி வண்டி பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்பதும் உண்மை. சகோதரர்கள் இதைத் தங்கள் அம்மா ஜான் பெயருக்கு அர்ப்பணித்தார்கள். அன்பே இல்லாத மனுஷன் இல்லை. அந்த அன்பில் கொஞ்சம் மில் ஜனங்கள் பக்கமும் போயிருக்கலாம். ஹான்ஸ் 1989-லும் ஃபிரிட்ஸ் 1992-லும் இறந்துபோனார்கள்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். குறைந்தது நாலு மணி நேரம் ஒதுக்குங்கள், தரை முழுக்க நடைதான், நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள், வயதானவர்களை நடுநடுவே உட்கார வையுங்கள். குழந்தைகள் இருந்தால் பழைய காரை கிராங்க் சுற்றி ஸ்டார்ட் செய்து பார்க்கிற இடத்தை விட்டுவிடாதீர்கள். என் பையன் மூன்று முறை சுற்றினான்.

ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், யோசிக்கவே வேண்டியதில்லை. திரும்பும்போது டிராமில், ராயலின் இன்ஜின் போட்ட ரயில் பெட்டி ஒன்று இதே ஊரில் ரயில் மியூசியத்தில் நிற்கிறது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "அத ஏன் மொதல்லயே சொல்லல?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் போட்டாயிற்று.