ஓராண்டு முழுதும் என் தோளில் இருந்த 28 லிட்டர் முதுகுப்பை

முதுகலைப் படிப்புக்காக ஒரு பெருநகரத்துக்கு வந்து சேர்ந்த வாரத்தில் இந்த முதுகுப்பையை வாங்கினேன். கோடை, மழை, குளிர் என்று ஒரு சுற்று முடிந்துவிட்டதால், இனி இதைப் பற்றி உறுதியாக எழுதலாம் என்று நினைக்கிறேன். கல்லூரிக்கு வெகு தொலைவில் அறை எடுத்திருக்கும் மாணவர் காலையில் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால் இரவில்தான் திரும்ப முடியும். அந்த 12, 13 மணி நேரத்துக்கு அவருடைய மேசையும் அலமாரியும் தோளில் தொங்குகிற இந்தப் பைதான். அதனால்தான் ஒரு பையைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

கொள்ளளவு 28 லிட்டர், துணி 600 டெனியர் பாலியெஸ்டர், உட்புறத்தில் நீரைத் தடுக்கும் பாலியூரித்தேன் பூச்சு, 15.6 அங்குல மடிக்கணினிக்குத் தனி உறை. 9000 மீட்டர் நூலின் எடையைக் கிராமில் சொல்வதே டெனியர். எண் பெரிதாக இருந்தால் நூல் தடிமன் என்று பொருளே தவிர, பை நெடுநாள் உழைக்கும் என்று அது மட்டும் உறுதி சொல்லிவிடாது. அதே டெனியரில் நைலான் துணி, உராய்வைப் பாலியெஸ்டரைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் வெயிலில் நைலான் விரைவாக வலுவிழக்கும், ஈரத்தையும் கூடுதலாக உறிஞ்சும். வகுப்புக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையே நாள்தோறும் வெயிலில் நடக்கிறவருக்குப் பாலியெஸ்டர் நல்ல தேர்வுதான். ஓராண்டுக்குப் பிறகும் என் பையின் அடிப்பகுதியில் மட்டுமே துணி சற்றுத் தேய்ந்திருக்கிறது.

பருவம் தொடங்கியது கடுங்கோடையில். பாடநூல்கள் எவை தேவை, எவை தேவையில்லை என்று தெரியாத அந்த முதல் மாதத்தில் எல்லாவற்றையும் சுமந்தேன். ஒருநாள் எடை பார்த்தபோது பை ஏழரைக் கிலோ இருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் பை அவர்களுடைய உடல் எடையில் 10 முதல் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று குழந்தை நல மருத்துவர்கள் சொல்வதுண்டு. 58 கிலோ எடையுள்ள எனக்கு அது 13 விழுக்காடு. வரம்புக்குள்தான் என்றாலும், நெரிசலான ரயிலில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே போகும்போது அந்த எடை வேறாகத் தெரிகிறது. இந்தப் பையின் மிகப் பெரிய குறை அப்போதுதான் புலப்பட்டது. முதுகுப் பக்கத்தில் வைத்துள்ள திண்டு முழுக்கத் தட்டையானது. நடுவே காற்று ஓடுவதற்குப் பள்ளமே இல்லை. வகுப்பில் போய் உட்காரும்போது சட்டையின் பின்புறம் முழுவதும் நனைந்திருக்கும். வாங்குவதற்கு முன் திண்டின் நடுவே விரலை வைத்துப் பார்த்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்கும். எடையைப் பொறுத்தவரை, மடிக்கணினியை முதுகை ஒட்டியும் இலேசானவற்றை வெளிப்பக்கமாகவும் அடுக்கத் தொடங்கிய பிறகு தோள்வலி பெருமளவு குறைந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால், கல்லூரியில் நிரப்பிக்கொள்ள வழி இருந்தால் பாட்டிலைப் பாதியளவு மட்டும் நிரப்பிக்கொண்டு கிளம்புவது நல்லது.

மழைக்காலத்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். பையில் தொங்கிய அட்டையில் 'நீர் புகாதது, 1500 மி.மீ.' என்று அச்சிட்டிருந்தார்கள். அத்தனை மில்லிமீட்டர் உயரமுள்ள நீர்த்தூணின் அழுத்தத்தைத் துணி கசியாமல் தாங்கும் என்பது அதன் பொருள். அந்தக் கூற்றில் பிழையில்லை. ஆனால் அது துணியைப் பற்றிய கூற்றேயன்றி பையைப் பற்றியது அல்ல. ஒரு மாலை, கூரையில்லாத நிறுத்தத்தில் 40 நிமிடம் பேருந்துக்காக நின்றேன். துணி வழியாக ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. மேல் ஜிப்பின் இடுக்கு வழியாகவும், தோள்வார் பையோடு சேரும் தையலின் ஊசித்துளைகள் வழியாகவும் நீர் மெதுவாக இறங்கி, ஆறு வாரங்களாக எழுதிய ஆய்வகக் குறிப்பேட்டின் மேற்பகுதியை நனைத்துவிட்டது. மை கரைந்த பக்கங்களை அன்றிரவே மீண்டும் எழுத உட்கார்ந்தபோது எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. தையலின் உட்புறத்தில் ஊசித்துளைகளை மூடும் ஒட்டுப்பட்டை போட்டிருந்தால் தையல் வழியாகவாவது நீர் இறங்கியிருக்காது. அதைச் சரிபார்க்கப் பையை உள்புறமாகத் திருப்பிப் பார்த்தால் போதும். மறுவாரமே தனியாக ஒரு மழையுறை வாங்கினேன். அதன் பிறகு ஒரு தாள்கூட நனையவில்லை. மழையுறையைப் பையோடு சேர்த்தே கொடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நனைந்த பையை அப்படியே கட்டிலுக்கடியில் தள்ளிவிடும் பழக்கம் விடுதிகளில் பலருக்கு உண்டு. அதைத் தயவுசெய்து கைவிடுங்கள். பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தால் மெல்ல மெல்லச் சிதைவது. தேங்கிய ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது இன்னும் விரைவாகப் பிசுபிசுத்து, பிறகு பொருக்குப் பொருக்காக உரியத் தொடங்கும். எல்லா ஜிப்பையும் திறந்து, தலைகீழாக, நிழலில் காற்றுப்படத் தொங்கவிட வேண்டும். துவைக்கும் இயந்திரத்தில் போடாமல் மென்மையான சோப்பு நீரில் கையால் கழுவுவதே பூச்சுக்குப் பாதுகாப்பு.

குளிர்காலத்தில் பை நன்றாகவே நடந்துகொண்டது. தடித்த மேலுடைக்கு மேல் மாட்டும்போதும் தோள்வாரின் நீளம் போதுமானதாக இருந்தது. வெளிக்குளிரில் நெடுநேரம் இருந்த மடிக்கணினியை வெப்பமான அறைக்குள் உடனே எடுத்துத் திறந்தால் அதன்மீது ஈரம் படியும்; அரைமணி நேரம் பைக்குள்ளேயே மூடி வைத்துவிடுவேன். சீக்கிரமே இருட்டிவிடும் அந்த மாதங்களில் நூலகத்திலிருந்து சாலையோரமாக நடந்து திரும்பும்போது, பின்புறத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை ஒன்று இருப்பது பெரிய ஆறுதல்.

தேர்வுக் காலத்தில் மேல் ஜிப் தொல்லை கொடுத்தது. ரன்னர் ஓடினாலும் பின்னால் பற்கள் பிரிந்துகொண்டன. பற்கள் கெட்டுவிட்டன என்று நினைத்துப் பையையே தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் தேய்ந்திருப்பது ரன்னர்தான். அதன் இரு பக்கங்களையும் குறடால் மெதுவாக, அளவோடு அழுத்தினேன். பற்கள் மீண்டும் கவ்விக்கொண்டன. அந்த வாரங்களில் நான் மிகவும் விரும்பிய அம்சம் வேறொன்று: அகலமான, விறைப்பான அடிப்பாகத்தால் பை நாற்காலியின் அருகே சாயாமல் நின்றது. அமைதியான வாசிப்பறையில் தரையில் விழும் பை எத்தனை தலைகளைத் திருப்பும் என்பது அங்கே படித்தவர்களுக்குத் தெரியும்.

விடுமுறையில் நான்கு நாள் உடைகளும் மடிக்கணினியும் இதற்குள் தாராளமாக அடங்கின. காற்றோட்டமில்லாத முதுகுத் திண்டுக்காகவும் ஒட்டுப்பட்டை இல்லாத தையலுக்காகவும் ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். வெயில் ஆண்டு முழுதும் கொளுத்தும் ஊரில் படிக்கப் போகிறவர்கள் வலைப்பின்னல் முதுகுள்ள வேறொரு பையைத் தேடுவதே நல்லது. என்னுடையதில் வலப்பக்கத் தோள்வாரின் அடித்தையல் இரண்டு விரற்கடை அளவுக்கு விட்டிருக்கிறது. இரண்டாம் ஆண்டு வகுப்புகள் தொடங்குவதற்குள் அதைத் தடித்த நைலான் நூலால் இரட்டைத் தையலாகப் போட்டுத் தரக் கொடுத்திருக்கிறேன்.